மட்டக்களப்பில் பூட்டனைத் தேடுகிறவர்கள் தாய்வழியே போகவேண்டும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வேர்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரோடுதான் தொடங்குகிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளையின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எத்தனை தலைமுறைப் பழமை, அந்தப் பெயரில் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டு எழுதுகிறார்கள். எங்கள் உறவுக்குள்ளிருந்தும் இப்படிக் கேள்விகள் வருவதுண்டு. பதில் அநேகமாக ஒன்றுதான்: அது உங்கள் அப்பப்பாவின் சொந்தப் பெயர். அவருக்கு முன்னால் அது ஒரு குடும்பத்தின் பெயராக இருந்ததே இல்லை.

பெயர் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். கந்தப்போடி என்று ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகன் சின்னத்தம்பி, பள்ளிக்கூட இடாப்பில் க. சின்னத்தம்பி. அவருடைய மகன் சி. தம்பிராசா. இரண்டாவது தலைமுறையிலேயே கந்தப்போடி ஒற்றை எழுத்தாகிவிட்டார். மூன்றாவதில் அந்த எழுத்தும் இல்லை. தம்பிராசாவின் பிள்ளைகள் வெளிநாடு போனபோது, குடிவரவுப் படிவத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் எது எழுதப்பட்டதோ அது அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் தகப்பன் பெயரை எழுதியிருப்பார். தம்பியின் பிள்ளைகளுக்குத் தம்பியின் பெயரே கடைசிப் பெயராகப் போயிருக்கும். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பது இதனால்தான்.

முஸ்லிம் குடும்பங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆதம்பாவா, உதுமாலெவ்வை, மீராசாகிபு போன்றவை கிழக்குக் கரைக்கே உரிய பெயர்கள். அவற்றைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். ஆனால் முன்னால் வரும் மூன்று நான்கு எழுத்துகளில் தகப்பன் பெயரின் துண்டுகளும் இருக்கும், ஆளின் சொந்தப் பெயரின் முன்பாதியும் இருக்கும். 'எம்' என்ற எழுத்து தகப்பனைக் குறிக்கிறதா, அவருடைய பெயரிலேயே உள்ள முகம்மதுவைக் குறிக்கிறதா என்று வீட்டாரைக் கேட்காமல் முடிவு கட்டக்கூடாது.

போடி என்ற ஈற்றைப் பார்த்து அதைக் குலப்பெயராக எடுப்பவர்களும் உண்டு. போடியார் என்பது வயல் நிலம் நிறைய வைத்திருந்தவருக்கு ஊர் கொடுத்த மதிப்பு. தகப்பன் போடி என்பதால் மகனும் போடியாக இருந்தான் என்று சொல்லமுடியாது. வன்னியனார், உடையார், விதானை என்பவையும் இப்படித்தான். அவை வகித்த பதவியின் பெயர்கள். ஆனால் அதுவே ஒரு நல்ல தடயம். பூட்டனார் ஒரு பற்றின், அதாவது பழைய நிருவாகப் பிரிவின், வன்னியனாராகவோ உடையாராகவோ இருந்திருந்தால், ஆங்கிலேயர் கால அரசாங்கக் காகிதங்களில் அவருடைய பெயர் எங்கேயாவது விழுந்திருக்கும்.

சரி, பெயர் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் இங்குள்ள ஆட்கள் தங்கள் வழியை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள்? குடியைக் கொண்டுதான், அதாவது தாய்வழியே வரும் குலப்பிரிவைக் கொண்டுதான். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி, பெத்தான் குடி, கச்சிலா குடி என்று இங்குள்ள பெரிய சமூகங்களில் ஒன்றான முக்குவருக்குள் வழங்கும் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். வேளாளருக்கும் சீர்பாதருக்கும் மற்றச் சமூகங்களுக்கும் அவரவர் குடிகள் உண்டு. முஸ்லிம்களுக்கும் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடியின் பிரதிநிதியாகக் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று இருந்த வழக்கம் அதன் அடையாளம். தமிழரும் முஸ்லிம்களும் மதத்தால் வேறுபட்டிருந்தும் குடியமைப்பில் இவ்வளவு நெருங்கியிருப்பது கிழக்கிலங்கையின் தனித்தன்மை. அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

குடி தாயோடு போகும். ஒரு பெண்ணின் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் அவளுடைய குடி. மகளின் பிள்ளைகளும் அதே குடி. மகனின் பிள்ளைகளோ மருமகளின் குடியைச் சேர்ந்துவிடுவார்கள். ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. ஒரே குடியில் ஒரே தலைமுறையில் உள்ளவர்கள் அண்ணன் தங்கை முறை. மாமன் மகள், மாமி மகன் என்று மச்சான் மச்சாள் முறையில்தான் கொண்டு கொடுத்தார்கள். தேடுகிறவருக்கு இதனால் பெரிய நன்மை இருக்கிறது. உங்கள் அம்மம்மாவின் குடி தெரிந்தால் அவருடைய தாயின் குடி, அதற்கு முந்திய தாயின் குடி எல்லாம் தெரிந்த மாதிரி. அதேபோல ஒரு பழைய காகிதத்தில் வரும் ஆளும் உங்கள் பூட்டியும் ஒரே குடி என்று தெரிந்தால், அவர் அவளுடைய கணவராக இருக்கமுடியாது, சகோதரனாகவோ தாய்மாமனாகவோ இருக்கலாம் என்று பிரித்தெடுக்கலாம்.

அதனால் வயதானவர்களிடம் போய்ப் பூட்டனின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், அவர் எந்தக் குடி, எந்தக் குடியில் கல்யாணம் முடித்தார் என்று கேளுங்கள். பெயரை மறந்துபோன கிழவிகூட அதை மறந்திருக்கமாட்டார். கோயிலிலும் விசாரிக்கவேண்டும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீசுவரர், திருக்கோவில் சித்திரவேலாயுதர், மண்டூர் முருகன் போன்ற பெரிய கோயில்களில் திருவிழா நாட்களும் உரிமைகளும் ஊர் வாரியாகவும் குடி வாரியாகவும் பிரிந்திருக்கின்றன. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பொறுப்பு குடி பார்த்தே வரும். கொக்கட்டிச்சோலையில் குடிகளை முறைப்படி கூறி அழைக்கும் குடுக்கை கூறல் என்ற வழக்கமே இருக்கிறது. தாய்மாமன் வண்ணக்கராக இருந்து அவருக்குப் பின் மருமகன் வந்த குடும்பம் என்றால், கோயில் கணக்கிலேயே உங்கள் தாய்வழி ஆண்களின் வரிசை இருக்கும். எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியத்திலும் குடிகளின் கதைகள் இருக்கின்றன. அதைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் எந்தக் குடி பெரியது, எது எங்கிருந்து வந்தது என்ற இடங்களை அந்தந்த உரிமைக்காரரின் கூற்றாக எடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் பூட்டியின் பிறந்த தேதியை அது தராது.

இன்னொரு காரியத்தைப் பலர் யோசிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குரியது, சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. தாயும் தகப்பனும் மகளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு வீட்டைப் போட்டுக்கொண்டு போன குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதனால் ஓர் ஆணின் பிறப்பு ஓர் ஊரிலும், பிள்ளைகளின் பிறப்பும் அவருடைய இறப்பும் வேறோர் ஊரிலும் பதிந்திருக்கும். எங்கள் பூட்டனாரைத் தகப்பனின் ஊரிலேயே தேடிக்கொண்டிருந்தோம். அங்கே அவர் சிறுவனாக மட்டுமே இருந்தார். பூட்டியின் ஊருக்குத் தேடலை மாற்றிய பிறகுதான் அவர் ஆளாக வாழ்ந்த தடம் தெரிய ஆரம்பித்தது. ஆணைத் தேடினால் மனைவியின் ஊருக்குப் போங்கள், பெண்ணைத் தேடினால் அவள் தாயின் வளவுக்குப் போங்கள். அந்த வளவு இன்றைக்கும் அவள் வழிப் பெண் ஒருத்தியின் கையில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அரசாங்கக் காகிதங்கள் இதற்கு எதிர்த் திசையில் ஓடுகின்றன. பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867இலிருந்து நடக்கிறது. ஆனால் கிராமத்தில் ஆரம்ப காலத்தில் எல்லாப் பிறப்பும் பதியப்படவில்லை. கிடைக்கிற பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர், தாய் பெயர் வந்தபிறகு, பாட்டன் இலங்கையில் பிறந்தவரென்றால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதற்குக் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காதவரென்றால் நிரப்ப, பூட்டனுக்கும் ஒரு கூடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழியை நிரூபிக்கச் சொன்னதன் விளைவு அது. தாய்வழிப் பாட்டிக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. குடியுரிமை தாய்வழியாகவும் செல்லும் என்று சட்டம் திருந்தியது 2003இல்தான். அதனால் 1948க்குப் பிந்திய பிறப்புச் சான்றிதழ் ஒன்று கிடைத்தால் தகப்பன் வழியில் இரண்டு தலைமுறை மேலே ஏறிவிடலாம். தாய்வழிக்கு அதே தாள் உதவாது.

அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அதற்கு முன் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். பழைய காகிதத்தில் மட்டக்களப்பு என்று இருப்பதால் ஆள் பட்டினத்தில் பிறந்தவர் ஆகிவிடமாட்டார். பற்றின் பெயரைப் பாருங்கள். கரவாகு, சம்மாந்துறை, மண்முனை, போரதீவு, எருவில், ஏறாவூர், கோறளை என்று வரும் பற்றுதான் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். அவற்றில் சில இன்றைக்கும் பிரதேச செயலகங்களின் பெயர்களில் வாழ்கின்றன.

தாய்வழிக்குக் கைகொடுக்கிற காகிதம் காணி உறுதி. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கும் உறுதிகளை விற்பனைக்கும் வங்கிக் கடனுக்கும் தவிர வேறெதற்கும் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்ற சட்டம் 1840இலிருந்து இருக்கிறது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். வீட்டுப் பிரதி கறையானுக்கு இரையானாலும் அங்கே ஒன்று இருக்க வாய்ப்புண்டு.

உறுதியில் முதலில் தேடவேண்டியது உரிமை வந்த விதம். இன்னாருக்கு இன்ன திகதியில் இன்ன இலக்க உறுதிப்படி தாயிடமிருந்து சீதனமாகக் கிடைத்தது என்று எழுதியிருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு முந்திய உறுதிக்குப் போகவேண்டும். அதில் தாயின் பெயர், தாய்க்குக் கொடுத்தவரின் பெயர் இருக்கும். இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் போனால், மகளிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து அவள் தாய்க்கு என்று ஏறுகிற ஒரு வரிசை கிடைக்கும். கடைசியில் நீண்டகால ஆட்சி உரிமை என்று எழுதிய இடத்தில் அது நின்றுவிடும். வேறெந்தக் காகிதமும் பெண்களின் பெயரை இவ்வளவு தொடர்ச்சியாகக் காப்பாற்றி வைத்திருக்கவில்லை.

அடுத்தது எல்லைகள். வடக்கு இன்னாருடைய வளவு, கிழக்கு இன்னாருடைய தென்னந்தோட்டம் என்று நாலு பக்கமும் பெயர்கள் வரும். தாயின் காணியை மகள்மாருக்குப் பிரித்துக் கொடுப்பதால், அந்த நாலு பேரில் ஓரிருவர் பெரியம்மா, சின்னம்மா முறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் பூட்டியின் அக்காவின் பெயர் எங்களுக்குக் கிடைத்தது தெற்கு எல்லையில்தான். கையெழுத்துப் போட்ட சாட்சிகளையும் விடாதீர்கள். சீதன உறுதிக்குச் சாட்சியாக வருகிறவர்களில் தாய்மாமன்மார் அதிகம்.

இந்தச் சீதன வழக்கத்துக்குப் பின்னால் ஒரு சட்ட மாற்றமும் இருக்கிறது. முன்பு முக்குவ வழமையின்படி முதுசம் தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. அந்த வழமையை 1876இல் கிறிஸ்தோபர் பிரித்தோ நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த திருமண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழமையின் நடைமுறையை முடித்துவைத்தது. சட்டப்படி பிள்ளைகளுக்குத் தகப்பனின் சொத்து என்றாகிவிட்டது. அப்புறமும் வீடும் வளவும் பெண்வழியிலேயே தங்கியது சீதன உறுதிகளால். அதனால் 1876க்கு முந்திய ஒரு சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போயிருந்தால் அதைத் தகப்பன் மகன் என்று வாசித்துவிடக்கூடாது. குடும்ப மரங்களில் நான் கண்ட குழப்பங்களில் அதிகம் இதுதான்.

இனி, தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப் பெயர் வைத்திருக்கும் மட்டக்களப்பார் உண்டா என்றால் உண்டு. போத்துக்கீச, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர். போத்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்களில் பலர் போத்துக்கீச வழிவந்த குடும்பங்களிலும் உள்ளூர்க் குடும்பங்களிலும் பெண்ணெடுத்தார்கள். அதன் பலனை இன்றைக்கும் காணலாம். மட்டக்களப்புப் பறங்கியரின் மரபான வீட்டு மொழி போத்துக்கீசக் கிரியோல் என்ற கலப்பு மொழி, ஆனால் அவர்களில் பலரின் குடும்பப் பெயர் ஒல்லாந்தப் பெயர். பெயர் தகப்பனிடமிருந்து வந்தது, பேச்சு தாயிடமிருந்து வந்தது. பெயரை மட்டும் பார்த்து நாங்கள் ஒல்லாந்தர் என்று எழுதினால், பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய அத்தனை பெண்களும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போவார்கள்.

ஒக்கர்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்கர் என்பவரின் மகன் என்பதே அதன் அமைப்பு. ஒல்லாந்திலும் ஒரு காலத்தில் எளிய குடும்பங்களில் தகப்பன் பெயர்தான் பிள்ளையின் பின்பெயர், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். நெப்போலியன் ஆட்சியில், 1811இல் வந்த ஆணைதான் அங்கே எல்லாரையும் நிலையான குடும்பப் பெயர் பதியவைத்தது. ஆக, கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்தில் கப்பலேறி வந்த ஒருவரின் தகப்பன் பெயர் இங்கே நின்று குடும்பப் பெயராகிவிட்டது. ரொறன்ரோவில் இன்றைக்கு ஒரு தம்பிராசாவுக்கு நடப்பதும் இதேதான்.

ரொசைரோ, அந்திராடோ போன்ற போத்துக்கீசப் பெயர்களில் வேறொரு எச்சரிக்கை வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர் ஆட்களும் ஞானத்தகப்பனின் பெயரை எடுத்தார்கள், இலங்கைக் கரையோரமெங்கும் இது நடந்தது. போத்துக்கீசப் பெயர் இருந்தால் போத்துக்கீச முன்னோர் இருந்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் ஏராளமான வம்சாவளிகளை வெளியிட்டது, ஆனால் அது தகப்பன் வழியைப் பார்த்த சங்கம். தச்சுவேலையும் இரும்புவேலையும் செய்து வாழ்ந்த மட்டக்களப்புப் பறங்கியருக்கு அங்கே கிடைப்பது குறைவு. அவர்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் தாய், தகப்பனோடு ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கத்துக்குத் தடை இருந்ததால், அந்தக் காலத்துக்கு உரிய பதிவுகளை அவர்களுடைய சீர்திருத்தச் சபையின் ஏடுகளில்தான் தேடவேண்டும். மெதடிஸ்த வழியில் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து கணக்கு தொடங்குகிறது.

ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருப்பதும் வழக்கம். காரைதீவில் 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மாவுக்கும் பிறந்த மயில்வாகனன், பண்டிதர் மயில்வாகனனாராகி, இராமகிருஷ்ண மடத்தில் பிரபோத சைதன்யராகி, 1924இல் சுவாமி விபுலாநந்தரானார். அவ்வளவு புகழ் உள்ளவர் என்பதால் நான்கு பெயரும் ஒருவருடையவை என்று எங்களுக்குத் தெரிகிறது. பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், மதம் மாறியபோது ஒரு பெயர் என்று வாழ்ந்த சாதாரண ஆளுக்கு அப்படிச் சொல்லித்தர யாருமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே பெயர் நாலு விதமாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இல்லாமல் போன வீடுகளும் ஏராளம். 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. பிறகு இடப்பெயர்வுகள். 2004 டிசம்பர் சுனாமியில் கல்லடி, நாவலடி, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் எல்லாம் அடிபட்டன. ஆட்களே போன இடத்தில் உறுதியையும் சான்றிதழையும் பற்றிப் பேசுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் பதிவகப் பிரதிகளும், இறந்தவருக்காக உறவினர் அச்சிட்ட நினைவு மலர்களும் இன்னும் உதவலாம். நினைவு மலர்களில் வம்சாவளி போடும் வழக்கம் இருக்கிறது. அவற்றில் பலவற்றை நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் காப்பாற்றி இணையத்தில் வைத்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. குடி விசாரிப்பது சாதி விசாரிப்பதாகவும் முடியும். வண்ணக்கர் உரிமையும் உறுதியும் நிலமுள்ளவர்களின் தடங்கள். போடியாரின் வயலில் உழைத்தவனின் பூட்டிக்கு எல்லைக் குறிப்பில்கூட இடம் கிடைத்திருக்காது. அவர்களுடைய பிள்ளைகள் தேடும்போது வாய்மொழியும் இறப்புப் பதிவும்தான் மிஞ்சும், அதனால் அவர்களிடம் கேட்டு எழுதுவதற்குத்தான் அவசரம் அதிகம். குடி சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. ஒதுக்கிவைக்க அந்தக் கேள்வி பயன்பட்டதை அவர் பார்த்திருப்பார்.

வெளிநாட்டிலிருந்து கேட்ட எங்கள் உறவுப் பிள்ளைக்கு நான் அனுப்பிய மரத்தில், தகப்பன் வழி பாட்டனோடும் பூட்டனோடும் நின்றது. தாய்வழியில் அம்மம்மா, பூட்டி, அவளுடைய தாய், அந்தத் தாயின் தாய் வரை உறுதிகள் பெயர் கொடுத்தன. அதற்கு மேலே பெயர் இல்லை. குடியின் பெயரை மட்டும் எழுதி, கீழே வளவு இருக்கும் ஊரையும் பற்றையும், இன்றைக்கு அதில் குடியிருக்கும் பெரியம்மாவின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன்.